எட்டின் இடுப்பு

பரீனாவின் படகு மாரியில் போய்விட்டது.
அது ஒரு காலத்தில் மிதந்தது என்பதற்கு
என்னிடம்தான் சாட்சி இருந்தது:
மூதூர் இறங்குதுறை, பின்னேரம் ஆறு மணி,
ஒரு கறுப்பு வெள்ளை நெகட்டிவ்.

காப்புறுதிக் கந்தோரில்
பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தவர் கேட்டார்,
கடைசி இலக்கம் எட்டா, பூச்சியமா?

எட்டு என்று எனக்குத் தெரியும்.
பரீனாவுக்குத் தெரியும்.
படத்துக்குத் தெரியவில்லை.

குவியம் தப்பினால் புள்ளி வட்டமாய்ப் பருக்கும்.
இதில் அப்படியில்லை.
அணியத்தின் ஒவ்வொரு ஆணியும்
மேலொன்று கீழொன்றாய் இரண்டு.
நின்ற கோடுகள் கூராக நிற்க
படுத்த கோடுகள் மட்டும் கரைந்து,
எட்டின் இடுப்பு
இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது.

உவர்மலைக்குத் திரும்பி
ஒரு முழு றோலைச் சந்தேகத்துக்கு ஒதுக்கினேன்.
பல்கனியில் முக்காலி.
குடாவுக்கு அக்கரையில் ஒரு மஞ்சள் விளக்கு,
அதுதான் என் ஊசிமுனை.
முக்காலிக்குப் பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்தேன்.
கீழ்வீட்டு மோட்டர் ஓடினால் வளையம்.
துறைமுகத்தில் கப்பலொன்று பின்னுக்கு எடுத்தால்
வளையம், ஆனால் பிந்தி.
கழற்ற மறந்த தோள்வார்
கச்சான் காற்றில் கமராவைத் தட்டிக்கொண்டிருந்தது,
ஆரோ கதவடியில் நிற்பது போல.
எல்லாவற்றையும் ஒவ்வொன்றாய் நிறுத்தினேன்.
தண்ணீர் கண்ணாடியானது.
விரலும் வேண்டாமென்று வயரில் அமத்தினேன்.

அப்போதும் உள்ளே ஒரு அடி.
கண்ணாடி எழும்பிக் கூரையில் மோதுகிற அடி.
அதற்குப் பிறகுதான் திரை ஓடுகிறது.
முப்பது வருஷமாய் அந்தச் சத்தத்தைத்தான்
படம் எடுபட்ட சத்தம் என்று நம்பியிருந்தேன்.

குளியலறைக் கொடியில் றோல் காய்ந்தது.
ஐந்நூறில் ஒன்று: புள்ளி.
பதினைந்தில் ஒன்று: புள்ளிக்கு ஒரு வால்,
கீழே இழுத்து மடிந்து,
பேனை உதறியது போல.
நாலு செக்கன்: மறுபடியும் புள்ளி!
உற்றுப் பார்த்தால் ஒரு மயிர்.

கன நேரம் நின்று யோசித்தேன், ஈரக் கையோடு.
அடியின் ஆயுள் ஒரு செக்கனில் பத்தில் ஒன்றோ என்னவோ.
நாலு செக்கன் திறந்த வீட்டில்
அது வாசலில் தலைகாட்டிப் போன ஆள்.
கண் மூடித் திறக்கும் வேகத்தில்
உள்ளே வரவே நேரமில்லை.
பதினைந்தில் ஒன்றில்தான்
அது வீட்டுக்காரன்.

அடுத்த நாள் லோஞ்சில் போய்ப் பரீனாவிடம் சொன்னேன்.
நடுங்கினது கமரா, நானில்லை.
வாலைக் காட்டினேன், மயிரைக் காட்டினேன்.
அவள் நெகட்டிவை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு
சும்மா கேட்டாள்,
"அந்த வேகத்த வெச்ச ஆரு?"

லோஞ்ச் டயரில் மோதியது.
துறை முழுக்க ஒருமுறை உதறி அடங்கியது.

பங்குனியில் கடன்பட்டு வேறொரு படகு எடுத்தாள்.
படம் எடுக்க என்னைத்தான் கூப்பிட்டாள்,
அது ஏனென்று நான் கேட்கவில்லை.
முக்காலியின் நடுவில் ஐந்து கிலோ அரிசிப் பை தொங்க,
வாரைக் கழற்றி, லோஞ்ச் போகும்வரை காத்து,
கண்ணாடியை மேலேற்றிப் பூட்டினேன்.
பூட்டினால் கண்துளையில் இருட்டு.
எதை எடுக்கிறேனோ அதைப் பார்க்க ஏலாது.
பத்துவரை எண்ணும்போது
கமராவுக்கு மேலால் தலையைத் தூக்கிப் பார்த்தேன்:
முழங்கால் தண்ணீரில்
படகின் விளிம்பை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்தபடி
பரீனா,
அவளும் மூச்சு விடவில்லை.

படம் கூராக வந்தது. ஆணிகள் ஒவ்வொன்று.
கடைசி இலக்கம் ஏழு.
இடுப்பே இல்லாத இலக்கம்.
கேட்டு வாங்கினாளோ என்னவோ.