இழுவைக் கட்டணம்

போச்சம்பள்ளிச் சாலையில் எங்கள் மாங்கூழ் ஆலை.
பெயர் வாயில் நுழையாத வடகடல் துறைமுகத்திலிருந்து
பில் வந்திருக்கிறது:
இழுவைப் படகுக்கு, கயிறு கட்டியதற்கு,
இறக்கியதற்கு,
இறக்காமல் காத்திருந்ததற்கு.

கப்பலை இழுக்க அங்கே ஒரே கம்பெனிதானாம்.
வேறு படகு நுழைய உரிமம் கிடையாது.
போட்டி இருந்தால் விலை இறங்கும் என்று
ஏஜென்டுக்கு மின்னஞ்சல் அடிக்கிறேன்.
ஐரோப்பியச் சட்டத்தில் இதற்கொரு பிரிவு உண்டாம்;
நம்பரைத் தேடியெடுத்து
அடிக்கோடும் போட்டாயிற்று.
நியாயம் நம் பக்கம் இருக்கும்போது
விரல்கள் எவ்வளவு வேகமாக ஓடுகின்றன!

ஜன்னலுக்கு வெளியே நாற்பது டிராக்டர்.
நேற்று இரவே வந்தவை.
தார்ப்பாய்க்கடியில் பெங்களூரா காய்
புழுங்கி, வாடை மாறத் தொடங்கிவிட்டது.
முனிவெங்கடப்பன் கம்பிக்குள் கை நீட்டுகிறார்:
"கந்திக்குப்பம் ஆலையில என்ன ரேட்டுங்க?"

இதே ரேட்டுதான்.
எங்கேயும் இதே ரேட்டுதான்.
ஞாயிற்றுக்கிழமை மூன்று முதலாளிகளும்
ஒரே மேசையில் சாப்பிட்டார்கள்.
அந்தப் பிரியாணி பில்லை
இதரச் செலவில் எழுதியவள் நான்.

எடைச்சீட்டைக் கிழித்துத் தருகிறேன்.
வாங்கி, திருப்பிப் பார்த்து,
"ராத்திரி பூரா வண்டி நின்ன வாடகைங்க?"
என்கிறார்.

அதற்கு
எங்கள் சீட்டில் கட்டம் இல்லை.