கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்

முந்தி நான் லாரிகளுக்கு எழுதினேன்.
பதினோரு வருஷம், பாரம் நிரப்பித் தரும் கடையில்,
தேங்காய் எத்தனை மூட்டை, கோழி எத்தனை கூண்டு,
எங்கிருந்து எங்கே, யார் பேரில்.
வரி மாறிய அந்த ஜூலையில்
லாரிகள் நிற்காமல் போகக் கற்றுக்கொண்டன.
முதலாளி பூட்டைப் போட்டுவிட்டு
மிச்சமிருந்த கார்பன் தாளை என் கையில் கொடுத்தார்,
நஷ்டஈடு மாதிரி.

இப்போது ஆட்களை அனுப்புகிறேன்.
ஆபீஸ் என்பது
துணி துவைக்கும் மெஷின்மேல் ஒரு பலகை,
ரெண்டு போன், ஒரு ரசீது புத்தகம்.
மெஷின் ஓடும்போது போன் எடுப்பதில்லை.
"ரிகர்சல் நடக்குதுங்களா?" என்று
உடுமலைப் பார்ட்டி ஒருத்தர் கேட்டுவிட்டார்.
ஆமாங்க என்றேன். புக் ஆனது.

நோட்டில் கோடு போட்டதெல்லாம் பழைய கட்டங்கள்தாம்.
சரக்கு: சிங்காரி மேளம், பன்னிரண்டு பேர், நல்லேப்பிள்ளி.
எடை என்றிருந்த இடத்தில்: எத்தனை இலை, சைவமா.
சேதாரம் என்ற கட்டத்தை மட்டும்
காலியாக விட்டு வைத்தேன். தானாக நிரம்பியது.

முதல் ஆறு மாசம் போன் தூங்கியது.
"ஊரான் கொட்டடிக்க உனக்கெதுக்குக் கமிஷன்?"
என்றார் வீட்டுக்காரர், சட்டையை உதறிக்கொண்டே.
கொட்டடிக்கிறவர்களும் அதையேதான் கேட்டார்கள்,
மலையாளத்தில்.

பதில் ஆடியில் வந்தது.
அங்கே அது கர்க்கடகம். கல்யாணமில்லை, பூரமில்லை,
செண்டைகள் உறைக்குள் படுத்திருக்கின்றன,
உண்ணிச்சன் ஆசான் கரண்டு பில்லுக்கு
மச்சினனிடம் கடன் கேட்கிறார்.
அதே மாசம்தான், அதே சாரல்தான்,
கொஞ்ச தூரம் கிழக்கே வந்தால் அதன் பேர் வேறு:
தோப்புக்கொரு அம்மன், அம்மனுக்கொரு நாள்,
கொட்டத்தான் ஆளில்லை.
ஒரு மாசத்துக்கு ரெண்டு பேர் வைத்துப் பிரித்த
அந்தக் கோட்டின்மேல்தான்
என் பலகை இருக்கிறது என்பது
எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

சேத்துமடைப் பொய்க்கால் குதிரை ஜோடியை
ஓணத்துக்குத் திருச்சூர் ஜவுளிக்கடைக்கு அனுப்பினேன்.
பஸ்ஸில் என்ன சண்டையோ,
ராணி ஆலத்தூரிலேயே இறங்கிவிட்டாள், குதிரையோடு.
ராஜா ஒற்றையில் ஆடினார்.
கடைக்காரர் பாதிதான் தந்தார், அதுவும் முனகிக்கொண்டு.
ராணி வீடு வந்து சேர்ந்த பஸ் காசை
என் கையிலிருந்து கொடுத்தேன்.
ஏன் என்று எழுத
எந்தக் கட்டமும் பொருந்தவில்லை.

நேற்று ஒரு கனத்த குரல், எஸ்டேட் முதலாளி தோரணை:
"மிமிக்ரி புஷ்கரன்னு ஒருத்தன் உண்டுல்லே,
அவனுக்கு என்ன ரேட்டு?"
நான் சிரிக்கவில்லை.
போன மாசம் போலீஸ்காரராகக் கூப்பிட்டான்,
அதற்கு முந்தி ஒரு கன்னியாஸ்திரீ.
எந்தக் குரலைப் போட்டுக்கொண்டாலும்
நாலு வார்த்தைக்கு ஒருதரம் வரும் அந்தச் சின்ன இருமலை
அவனால் கழற்றி வைக்க முடிவதில்லை.
ரெண்டாயிரத்துக்கும் கோழி பிரியாணிக்கும்
பந்திச் சத்தத்தின் மேலே ஏறி நின்று
தொண்டை கிழியக் கத்தியவன்.
என் விலையைக் கேட்கவில்லை அவன்.
அவன் விலையை.

"எட்டாயிரங்க," என்றேன்.
"வண்டிச் செலவு தனி.
அட்வான்ஸ் பாதி வந்தால்தான் தேதி எழுதுவேன்."

அந்தப் பக்கம் ஒரு பஸ் ஹாரனடித்துப் போனது.
அப்புறம் எஸ்டேட்டும் இல்லாத, காக்கியும் இல்லாத,
நான் அதுவரை கேட்டிராத ஒரு மெல்லிய குரல்:
"எனக்கா, சேச்சி?"

யாரோ மெஷினைப் போட்டுவிட்டார்கள்.
நடுங்கும் பலகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு
"தேதி சொல்லுங்க சார்," என்றேன்.