வெளியேறிய நேரம்

ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்கள்.
பொகவந்தலாவையில் ஐந்தேமுக்கால் பஸ்.
ஹட்டனில் இறங்கும்போது
இடது சப்பாத்துக்குள் தண்ணீர்.

வாசலில் செகியூரிட்டி கொப்பியை நீட்டினார்.
பெயர், அடையாள அட்டை இலக்கம், வந்த காரணம்.
முதலாவது ஆள்
நேர்முகப் பரீட்சை என்று முழுதாக எழுதியிருந்தார்.
அதற்குக் கீழே
மேற்படி, மேற்படி, மேற்படி.
பன்னிரண்டாவதாக நானும் மேற்படி.

கதிரைகள் நான்கு.
சுவரில் சாய்ந்தால் சுண்ணாம்பு ஒட்டும்.
மேசையில் தண்ணீர்ச் சாடி,
கவிழ்த்து வைத்த ஒரே கிளாஸ்,
அது யாருக்கென்று யாரும் சொல்லவில்லை.
பன்னிரண்டரைக்கு உள்ளே ஒரு சோற்றுப் பார்சல் போனது.
கருவாட்டு மணம் மட்டும்
எங்களைப் பார்க்க வெளியே வந்தது.

இரண்டு நாற்பதுக்குக் கூப்பிட்டார்கள்:
"ஜெயருபி!"
ரூ-வின் நெடிலை
யாரோ வழியில் எடுத்துக்கொண்டார்கள்.

என் பைலைத் திறக்கவில்லை.
அதன்மேல் தன் போனை வைத்தார் முகாமையாளர்.
எந்தத் தோட்டம்?
எந்த டிவிஷன்?
அம்மா இன்னும் கொழுந்தா?
கல்யாணம் எப்போது?
தவணை கட்டாதவனின் லயத்துக்குப் போய்
சத்தம் போட முடியுமா?

பெறுமானத் தேய்வை
இரவு ஒரு மணிவரை படித்திருந்தேன்.
அதில் ஒன்றும் கேட்கவில்லை.

"கோல் எடுப்போம்."
எங்கள் லயத்தில் சிக்னல் இல்லை,
கோயில் மேட்டுக்கு ஏறினால்தான் இரண்டு கோடு வரும் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
போன் அடித்தது, அவருக்கு.

கீழே இறங்கினால் அடகுப் பகுதி.
போன மாதம்
கடைசித் தவணைப் பரீட்சைக் கட்டணத்துக்காக
அம்மாவின் தோட்டோடு இங்கேதான் வந்தேன்.
"வாங்க மிஸ், இருங்க."
கதிரை. இஞ்சி போட்ட பிளேன்டி.
காற்றாடியைக்கூட என் பக்கம் திருப்பிவிட்டார்கள்.
தோட்டை மூன்று தரம் நிறுத்தார்கள்,
வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்,
ஒரு கல் விழுந்திருப்பதையும்
கவனமாகக் குறித்துக்கொண்டார்கள்.

இன்றும் அந்தப் பெண் சிரித்தாள்:
"மீட்க வந்தீங்களா மிஸ்?"

"இல்ல,
மேல ஒரு வேலை."

வாசலில் செகியூரிட்டி இல்லை.
கொப்பி திறந்தே கிடந்தது.
வெளியேறிய நேரம் என்ற கட்டத்தில்
ஒருவர் பெயருக்கும் எதிரே ஒன்றுமில்லை.
கொப்பியின்படி
பதினொரு பேரும் இன்னும் மேலேதான் நிற்கிறார்கள்.

நூலில் கட்டிய பேனை உதறினால்தான் எழுதும்.
உதறி,
2.44 என்று எழுதினேன்.
பிறகு என் பெயருக்குப் போய்
ரூ-வை இன்னொரு தரம் அழுத்தி எழுதினேன்,
தாளின் மறுபக்கத்திலும் தெரியும்படி.

மூன்று மணி பஸ் ஹோர்ன் அடித்தது.
சப்பாத்து இன்னும் காயவில்லை.