மூன்று நிமிடம்

புதன்கிழமைகளில் என் பெயரை வாடகைக்கு விடுகிறேன்.

ராட்டர்டாமின் தென்கரையில்
ஒரு சலவைக்கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
சமத்துவ அலுவலகம் என்கிறது பலகை.
உள்ளே இரண்டு மேசை, ஒரு தொலைபேசி,
சோப்பு வாசம்,
கீழே சுழலும் எந்திரங்களால்
நாள் முழுக்க உள்ளங்காலில் ஒரு நடுக்கம்.

முதலில் யோர்தானோஸ் அழைப்பாள்.
மருத்துவமனையில் இரவுப் பணி, நிரந்தர வேலை,
ஒன்பது வருடமாக இந்த ஊர்.
அவளுடைய டச்சு என்னுடையதைவிடத் தெளிவு.
நான் பாதிச் சொல்லை விழுங்கிவிடுவேன்,
அவள் ஒவ்வோர் எழுத்தையும் கையில் வைத்துக் கொடுப்பாள்.

"யோர்தானோஸ் ஹப்து பேசுகிறேன்,
வாடகை வீடு விஷயமாக..."

அடடா, போன வாரமே போய்விட்டதே அம்மா.

இல்லை என்பது எப்போதும்
மிக மரியாதையாகத்தான் வரும்.
அதற்கு எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது?

நேரத்தைக் குறிப்பாள். பத்து பதினான்கு.
மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும், அது விதி.
ஓர் ஆரஞ்சை உரித்துப் பாதியை
என் பக்கம் தள்ளுவாள்.
பேச மாட்டோம்.

பத்து பதினேழுக்கு நான்.
அதே சம்பளம், அதே வேலை,
குழந்தை ஒன்று, நாய் இல்லை.
பெயர் மட்டும் ஃபெம்கே ரீட்டைக்.

ஓ, வாருங்களேன்!
பால்கனியில் மாலை வெயில் நன்றாக விழும்.

போன வாரம் போன வீடு
மூன்று நிமிடத்தில் திரும்பி வந்துவிடும்.
என் பெயர் கூப்பிட்டால் வரும் வீடு
அவள் பெயரைக் கேட்டாலே இடம்பெயர்ந்துவிடும்.

பிப்ரவரியில் ஒரு பட்டியல்.
பதினோராவது முகவரி என் அண்ணன் ரூலோஃபுடையது.
அந்த மேல்மாடி ஜன்னலுக்கு
நான்தான் நீலம் பூசினேன்.
சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.
அவள் எண்களை அழுத்திக்கொண்டிருந்தாள்.
எனக்குத் தெரிந்த அந்தக் குரல்
எனக்குத் தெரியாத மரியாதையோடு
அடடா என்றது.

ஆரஞ்சை நான் தொடவில்லை.

"நான்தான். மேல்மாடி காலியா?"
"உனக்கு இல்லாமலா!"
"போன வாரமே போய்விட்டதாமே."

எந்திரங்கள் பிழிந்துகொண்டிருந்தன.
"நீ நினைக்கிற மாதிரி இல்லை, ஃபெம்கே" என்றான்.
எந்த மாதிரி என்று சொல்லவில்லை.

யோர்தானோஸ் பேனாவோடு என்னைப் பார்த்தாள்:
"என்ன எழுதட்டும்?"
வேண்டாம் என்று நான் சொல்வதற்கு
அவள் முழுதாக ஒரு நிமிடம் கொடுத்தாள்.
அதை நான் மறக்க மாட்டேன்.

காலி என்று எழுது.

ஜூனில் ஆணையத்தின் கடிதம் வந்தது.
பாகுபாடு நிகழ்ந்துள்ளது. ஒரே வரி.
நீல ஜன்னலில் அதற்குள் யாருடைய திரையோ.
அண்ணன் இப்போது என்னோடு பேசுவதில்லை.
யோர்தானோஸின் மகன் இன்னும் சமையலறையில்தான் தூங்குகிறான்.

நேற்று அவள் கேட்டாள்,
இன்று ஒருநாள் மாற்றிப் பார்ப்போமா?

விதியில் அது இல்லை.
ஆனாலும் நான் என் விழுங்கிய டச்சில்
"யோர்தானோஸ் ஹப்து" என்றேன்.
அடடா.
பிறந்து நாற்பத்தோரு வருடத்தில்
எனக்கு விழுந்த முதல் அடடா.
காது சிவந்துவிட்டது.
அவள் சிரித்துக்கொண்டே
என் பங்கு ஆரஞ்சையும் தின்றாள்.

பிறகு அவள் தெளிவான எழுத்துகளால்
"ஃபெம்கே ரீட்டைக்" என்றாள்.
மாலை வெயில், பால்கனி,
நாலு மணிக்கு வாருங்கள்.

போனோம், இரண்டு பேரும்.
கதவைத் திறந்தவர் சிரித்தபடி
என் பக்கம் கையை நீட்டினார்.

அதற்கு முன்பே
அவள் நீட்டியிருந்தாள்.