வாரத்துக்குப் பதினொரு விநாடி

முதல் கேள்வியையே தப்பாகக் கேட்டேன்:
"எத்தனை குதிரை ஏறும்?"

கணபதி லேத்துப் பட்டறையில் பொங்கியண்ணன்
பனியன் வேஸ்ட்டில் கை துடைத்தபடி சொன்னார்,
"அத வுடுங். தெனமும் பாலம் ஏறறப்ப
எந்த கியர்ல ஏறறீங்? அதச் சொல்லுங்."

சொல்லத் தெரியவில்லை.
எண்பத்தொன்பதாம் வருடத்துக் கான்டெஸா.
பார்வைக்குக் காங்கேயம் காளை, நடைக்கு எருமை.
ஊத்துக்குளியிலிருந்து திருப்பூர், திரும்ப ஊத்துக்குளி.
டிக்கியில் காலர் ரிப் உருளைகள்.
பக்கத்து இருக்கையில் கணக்கெழுதும் மயிலாத்தாள்,
அவள் மடியில் நேற்றைய சலான்கள்.

ஒரு வாரம் குறித்தோம், நான் ஓட்ட அவள் எழுத.
டாக்கோ முள் மூவாயிரம் தாண்டினால் "போச்சு" என்பேன்,
இறங்கினால் "வந்துருச்சு".
வாட்ச்சைப் பார்த்துக் கட்டம் போட்டாள்.
சனிக்கிழமை பொழுதோட கூட்டிச் சொன்னாள்:
"மொத்தம் பதினொரு விநாடிங்.
அதுல நாலு, சிமெண்டு லாரிக்காரன் ஹாரன் அடிச்சதுக்கு."

நான் மனசுக்குள் வாங்கி வைத்திருந்தது வேறு.
நத்தை ஓடு போல் ஒன்று, வெள்ளிப் பளபளப்பு,
பானெட்டை வெட்டாமல் உள்ளே உட்காரும், விலையும் தோது.
ஆனால் சுற்று ஏற ஏறத்தான் அது வாய் திறக்கும்.
என் வாரத்தில் அதற்குப் பேசக் கிடைப்பது பதினொரு விநாடி,
அதிலும் நாலு கோபத்துக்கு.

திருகு வகைக்கு விலை கேட்டேன்.
ஒரு செகண்ட் ஹேண்ட் ரிப் மெஷின் விலை.
பேங்க்கில் தவணைத் தேதி நினைவு வந்தது,
போனை வைத்துவிட்டேன்.

மிச்சம் ரூட்ஸ்.
இரண்டு எட்டுகள் ஒன்றின் இடுப்பில் ஒன்று புகுந்து
தொடாமல் சுற்றும். தொட்டால் அன்றோடு சரி.
கால் ஒரு இஞ்ச் இறங்கினாலே காற்றை அள்ளித் தரும்,
சூடாகத் தரும்.
"சித்திரை வெயில்ல டொக்டொக்னு தட்டுமுங்,
பெரிய புல்லி போட்டுக்கலாம், அஞ்சு பவுண்டு போதும்.
ஏழு வெச்சீங்கன்னா பிஸ்டனு வெளிய வந்து
வணக்கஞ் சொல்லும்."
பானெட்டில் ஒரு திமில் எழுப்பியே ஆகணும்.
அப்புறம், தலையைச் சொறிந்துகொண்டு,
"ஏசி கம்ப்ரஸர் இருக்கற எடந்தான் பிராக்கெட்டுக்கு வேணும்."

அதுவரை பேசாதிருந்த மயிலாத்தாள்
பேனாவை மூடினாள்.
"என்னத்த வேணா மாட்டுங். ஏசியத் தொட்டீங்கன்னா
நான் நாளையிலிருந்து பஸ்ல வந்துக்கறனுங்."

ஆறு வாரம் கூட ஆயிற்று.
ஆல்டர்னேட்டரை அக்கட்டால தள்ளி,
கம்ப்ரஸரை நாலு விரக்கடை கீழே இறக்கி,
கடைந்த பிராக்கெட்டைத் திருப்பிக் கடைந்து,
பெல்ட் அளவு கிடைக்காமல்
கடைசியில் ஏதோ ரைஸ்மில் பெல்ட் சரியாக உட்கார்ந்தது.

திங்கட்கிழமை, ரயில்வே பாலம்.
முன்னால் ஜல்லி ஏற்றிய டிப்பர்.
இரண்டாம் கியர். அழுத்தினேன், செருப்பு நுனியால்தான்.
நூல் மில்லில் முதல் ஷிஃப்ட் தொடங்கும்போது
கதிர்கள் ஒன்றாக இழுக்கும் ஒரு கீச்சு,
அது பானெட்டுக்குள்ளிருந்து எழுந்து பல்லில் கூசியது.
டிப்பர் பின்னால் இருந்தது.
எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை.

அந்த வாரமும் எழுதினாள்.
முள் ஒரு தடவைகூட மூவாயிரத்தைத் தொடவில்லை.
நோட்டை என் பக்கம் திருப்பினாள்:
கூட்டல் இடத்தில் முட்டை.
பக்கத்திலேயே, கேட்காமலே,
பெட்ரோல் லிட்டருக்கு ஒன்பதிலிருந்து ஏழு.

"இதுக்காங் இத்தன காசு?"

பதில் சொல்ல வாய் எடுத்தேன்.
தேவைப்படவில்லை. பாலம் வந்துவிட்டது.
மடியிலிருந்த சலான்களை இரண்டு கையாலும்
அவளாகவே அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.
"ம், ஏறுங்."