அறுபத்தோராவது படி

காலை நாலே முக்கால். வெறும் வயிறு.
மிளகளவு வெள்ளை மாத்திரை, ஒரு கோப்பைத் தண்ணீர்.
பிறகு அரை மணி நேரம் காப்பி கிடையாது.
கிதினியா துறைமுகத்தின் விளக்குகளை
நான் முகம் பார்த்துப் பழகியது
அந்தக் காப்பியில்லாத அரை மணியில்தான்.

என் வேலை முப்பத்தெட்டு மீட்டர் மேலே.
கண்ணாடிக் கூண்டு, இரண்டு கைப்பிடிகள்,
காலுக்கடியில் ஒரு கப்பல்.
போன குளிர்காலம் ஏணியின் நடுவில் நின்றேன்.
மூச்சு வாங்கி அல்ல.
அடுத்த படி எதற்கென்று மறந்துபோய்.

பால்டிக் குளிர் எல்லோருக்கும் வெளியிலிருந்து வரும்.
எனக்கு எலும்பிலிருந்து வந்தது.
சீப்பில் முடி. வடிகாலில் முடி.
ரேடியோவில் லெஷெக்:
"ட்ரூடா, தூங்கிட்டியா? பெட்டியைத் தூக்கு!"
இன்னும் உரக்க: "ட்ரூடா!"

தாள் வந்தது.
டிஎஸ்எச் பதினொன்று புள்ளி நாலு,
பக்கத்தில் மேல்நோக்கிய அம்பு.
அதிகம் என்றால் நிறையச் சுரக்கிறதென்றுதானே
யாரும் நினைப்பார்கள்?
டாக்டர் வியெஸ்லாவா தலையாட்டினார்:
"இது உன் தைராய்டு பேசுவதில்லை.
மூளைக்கடியில் பட்டாணி அளவில் ஒருவன் இருக்கிறான்.
கழுத்து வேலை செய்யாவிட்டால் அவன் கத்துவான்.
இந்த எண் அவனுடைய கத்தல்."

லெஷெக், என்றேன்.
அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

கீழே இன்னொரு எண், எண்ணூற்றுச் சொச்சம்.
எதிர்ப்பொருள்.
வேலியே பயிரை மேய்ந்த கதையா?
இல்லை. மேயவில்லை.
பயிரை மாடென்று நினைத்து அடித்துக்கொண்டிருக்கிறது.
பாவம், வேலியும் விசுவாசமாகத்தான் இருக்கிறது.
அந்த எண்ணை மாதாமாதம் துரத்த வேண்டாம் என்றார் டாக்டர்.
நான் துரத்தினேன், இரண்டு முறை, சொந்தக் காசில்.

மாத்திரை. ஆறு வாரம். மூன்று புள்ளி ஒன்று.
கோடை வந்தது. ஏணி சுருங்கியது.

இலையுதிர் காலத்தில் மறுபடி ஈயம் ஏறியது காலில்.
தாளோ வேறு சொன்னது:
புள்ளி இரண்டு. கீழ்நோக்கிய அம்பு.
தாளில் நான் குதிரை. ஏணியில் நான் நங்கூரம்.
"மாத்திரையைக் குறைக்கலாமா?" என்று
டாக்டரே யோசித்த வாரத்தில்,
ரத்தம் எடுக்கும் போஷெனா
என் கையைத் தட்டி நரம்பு தேடியபடி
தலையைப் பார்த்தாள்.
"முடிக்கு ஏதாவது விழுங்குகிறாயா?"

விழுங்கினேன். பையிலேயே இருந்தது பாட்டில்.
லேபிளில் யாரோ ஒருத்தியின் அருவிக் கூந்தல்,
பின்பக்கம் பொடி எழுத்தில் பயோட்டின், ஏகப்பட்ட அளவு.
ஊசியை எடுத்து வைத்துவிட்டாள்.
"இன்று வேண்டாம். டாக்டரிடம் நான் பேசுகிறேன்.
ஒரு வாரம் இதை நிறுத்திவிட்டு வா."

ரத்தம் பொய் சொல்லியிருக்கவில்லை.
கேட்ட இயந்திரத்தின் காதில்
நானே பஞ்சடைத்து வைத்திருந்தேன்.

அடுத்த தாள்: ஆறு புள்ளி ஏழு.
ஒரு மோசமான எண்ணைப் பார்த்து
பேருந்து நிறுத்தத்தில் சிரித்தவள்
அந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.
சோம்பேறித்தனமில்லை. வயதில்லை. மனசுமில்லை.
ஆறு புள்ளி ஏழு.

கூண்டில் ஒரு காற்றளவி உண்டு.
இத்தனைக்குள் அடித்தால் வேலை செய்யலாம், தாண்டினால் இறங்கு.
அந்த எல்லைக்குள்ளேயே
கூண்டு தொட்டில்போல ஆடும் நாளும் உண்டு,
கல்லாக நிற்கும் நாளும் உண்டு.
அளவி அதைச் சொல்லாது. அதன் வேலை அதில்லை.

அதனால் ஒரு நோட்டு.
இடப்பக்கம் எண்.
வலப்பக்கம், ஏணியில் எந்தப் படியில் நின்றேன் என்பது.
நவம்பரில் இருபத்தாறு. பிறகு நாற்பது.
ஒரு நாள் பன்னிரண்டு, காரணம் தெரியவில்லை,
அதையும் எழுதினேன்.
நேற்று அறுபத்தொன்று.

அடுத்த ஊசிக்கு இன்னும் மூன்று வாரம்.
முடி கொட்டுகிறது, கொஞ்சம்.
லெஷெக் இன்று இரண்டே முறைதான் கத்தினான்.
அதில் ஒன்று கடற்காகத்தைப் பார்த்து.