சனி காலை, செனற்

அரசடிச் சந்தி. போட்டோக்கொப்பிக் கடைக்கு மேல்மாடி.
எட்டு மணி. நாலு நிருபர்கள், மூன்று கதிரை.
வொஷிங்டனில் இன்னும் வெள்ளி இரவு முடியவில்லை.

ஜெஸீல் விரல்விட்டு எண்ணுகிறான்:
ஐம்பத்தொன்று, நாற்பத்தொன்பது.
சுபோதினி விடமாட்டாள்.
ஒஹாயோவை அவள்
கச்சேரிக்குப் பின்னாலுள்ள ஒழுங்கைபோலப் பேசுவாள்,
எந்த வளவில் எந்த நாய் என்று.

“மறுகா, எங்கட பிரதேச சபையில எத்தனை ஆசனம்?”
நான் கேட்டால்
பிளேன்டீ ஆறிவிடும், பதில் வராது.

கீழே
மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி ஒருவர்
சனிக்குச் சனி ஐம்பது ரூபாய்க்கு ரீலோட் போடுவார்.
மேலே யன்னலைப் பார்ப்பார்.
அவருக்காகத்தான் ஒஹாயோ என்று
நாங்கள் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை.

போன கிழமை தீர்வை கூடிற்று.
ஏறாவூர் தையலாலையில் இரவு முறை நின்றது.
அதையும் செனற்றின் கணக்காகவே பேசினோம்.

இன்று படியில் சப்பாத்துச் சத்தம்.
சுபோதினி கொப்பியை மூடினாள்.
கதவடியில் அவர்,
தலைக்கவசம் கையில்:
“அந்த ஐம்பத்தொன்றில
ரெண்டு பேர் மாறினா...
என்ர தங்கச்சிக்கு மறுபடி வேலை வருமா?”

ஜெஸீலின் விரல்கள் விரித்தபடி நின்றன.
யாரோ எழும்பிக் கதிரை கொடுத்தோம்.
அவர் இருக்கவில்லை.